வழக்கும் செய்யுளும் ஆலையும்: விக்கிரமசிங்கபுர வரலாறு எழுதப்பெறும் மொழி

முன்னுரை

பொருநையாறு மேற்குமலையை விட்டிறங்கிச் சமவெளியைத் தொடும் இடம் பாபநாசம். அதனை அடுத்திருப்பது விக்கிரமசிங்கபுரம். திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள இவ்வூர் இரண்டு காரணங்களால் குறிப்பிடத்தக்கது. முதலாவது, இது சிவஞான முனிவர் பிறந்த ஊர். தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்கும் விருத்தி எழுதியவரும், சிவஞான மாபாடியம் செய்தவரும், 1785இல் மறைந்தவருமான அப்பேரறிஞர் முக்களாலிங்கர் என்னும் இளமைப் பெயருடன் வளர்ந்தது இங்கேதான். இரண்டாவது, இது ஆலை ஊர். 1880களில் ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் உடன்பிறந்தார் இருவர் பொருநையின் வீழ்நீர் விசையைக் கொண்டு இவ்விடத்தில் ஒரு நூற்பாலையைத் தொடங்கினர். தூத்துக்குடியின் கோரல் மில்லும் மதுரையின் பெரிய ஆலையும் அதே குழுமத்திலிருந்து பின்னர் எழுந்தவை.

இவ்விரண்டு செய்திகளும் ஊரைப் பற்றிய எழுத்துகளில் தனித்தனியே சொல்லப்படுகின்றன, ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தலபுராணமும் புலவர் வரலாறும் ஒரு நடையில் அமைகின்றன. ஆலையின் கதை மற்றொரு நடையில் அமைகிறது. தொழிலாளர் போராட்டங்களின் கதை மூன்றாவது நடையில் அமைகிறது. இம்மூன்று நடைகளையும் மொழியியல் நோக்கில் ஒப்பிட்டு, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கணத்துக்கு முதலாக நிற்பவை வழக்கும் செய்யுளும் என்பது தொல்காப்பியப் பாயிரம் தரும் கொள்கை. அப்பாயிரத்துக்கு விருத்தி கண்டவர் பிறந்த ஊரின் அண்மைக்கால வரலாறு, வழக்கை விட்டுவிட்டு எழுத்துநடை ஒன்றையே முதலாகக் கொண்டு எழுதப்பெறுகிறது என்பது இவண் முன்வைக்கப்படும் கருத்தாகும்.

ஊரின் மூன்று பெயர்கள்

விக்கிரமசிங்கபுரம் என்பது ஆவணப் பெயர். சிங்கை என்பது புலவர் பெயர். நமச்சிவாயக் கவிராயரின் சிங்கைச் சிலேடை வெண்பா இப்பெயரைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. பேருந்துப் பலகையிலும் அன்றாடப் பேச்சிலும் வழங்குவது வி.கே.புரம் என்பது.

தஞ்சாவூர் தஞ்சை என்றும் கோயம்புத்தூர் கோவை என்றும் மருவியதைப் போன்றதே சிங்கை என்பதும். இலக்கண நூலார் மரூஉ என்று வகுத்த நெறியில் அது அடங்கும். வி.கே.புரம் அந்நெறியில் அடங்குவதில்லை. அது ஆங்கில எழுத்துகளின் பெயரால் அமைந்த சுருக்கம். இதில் நுணுக்கமான ஒரு செய்தி உண்டு. பெங்களூரின் கே.ஆர்.புரம் கிருஷ்ண, ராஜ என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. அதே நெறியில் விக்கிரம, சிங்க என்னும் இரு சொற்களும் சுருங்கியிருந்தால் வி.எஸ்.புரம் என்றே ஆகியிருக்க வேண்டும். அவ்வாறன்றி, முதற்சொல்லின் முதல் அசையில் உள்ள இரு மெய்களே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. சொற்பகுப்பு அறிந்து செய்த சுருக்கம் அன்று இது. காதில் விழும் ஒலியைப் பற்றிக்கொண்டு செய்த சுருக்கம்.

பெங்களூரின் வடகிழக்கில் தமிழர் பலர் வாழும் லிங்கராஜபுரத்தின் பெயர் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் மகர ஈறு பெற்றும் கன்னடத்தில் அவ்வீறு இன்றி லிங்கராஜபுர என்றும் வழங்கும் அப்பெயர், பேச்சில் ஓர் உயிர் குறைந்து லிங்கராஜ்புரம் ஆகிறதேயன்றி எழுத்துச் சுருக்கமாக மாறுவதில்லை. எந்தப் பெயர் எவ்வாறு சுருங்கும் என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை. அதனைப் பயன்படுத்துவோரின் அன்றாடமே தீர்மானிக்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு எழும் சிக்கல் சிறியதன்று. ஓர் ஆலைத் தொழிலாளியின் வாய்மொழியில் வி.கே.புரம் என்று வருவதை முழுப்பெயராக விரித்து எழுதினால் பேசுபவர் ஆவணமாகிவிடுகிறார். சிங்கை என்று மாற்றினால் புலவராகிவிடுகிறார். மூன்று பெயர்களும் ஒரே இடத்தைச் சுட்டினாலும் மூன்று சமூக நிலைகளிலிருந்து சுட்டுகின்றன.

'நிறுவப்பட்டது' என்னும் வினைமுற்று

ஆலை ஊர்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் வினைமுற்று 'நிறுவப்பட்டது' என்பதாகும். இதற்கு மாற்றாக வருபவை இரண்டு: 'நிறுவனர் நிறுவினார்' என்னும் செய்வினை, 'ஆலை தோன்றியது' என்னும் தன்வினை. மூன்றும் இலக்கண வகையால் வேறுபட்டாலும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. கல் சுமந்தவர், கால்வாய் வெட்டியவர், பொறிகளை மலையடிவாரம் வரை கொண்டு சேர்த்தவர் ஆகிய எவருக்கும் இவ்வாக்கியங்களில் எழுவாய் இடம் இல்லை.

செயப்பாட்டு வினையே குற்றமுடையது என்பது இதன் பொருளன்று. செயப்படுபொருளையே வினைமுதல் போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஏற்றுக்கொண்டுள்ளது. மெழுகப்பட்ட திண்ணையே தன்னை மெழுகிக்கொண்டது போலச் சொல்லுவது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. ஆயின் அங்கே மெழுகியவர் யார் என்பது வீட்டாருக்குத் தெரியும்; தெரிந்திருப்பதால்தான் சொல்ல வேண்டுவதில்லை. ஊர் வரலாற்றைப் படிப்பவருக்கு அவ்வறிவு இல்லை. தெரிந்ததைச் சொல்லாது விடுவதும் தெரியாததை மறைத்து விடுவதும் ஒரே வாக்கிய வடிவில் நிகழக்கூடும். வரலாற்றெழுத்தில் நிகழ்வது பெரும்பாலும் இரண்டாவது ஆகும்.

பேச்சுத்தமிழில் படு என்னும் துணைவினையால் அமையும் செயப்பாட்டு வினை அருகியே வழங்குகிறது. அதன் இடத்தில் பேச்சுமொழி பயன்படுத்துவது எழுவாய் தோன்றாத பலர்பால் முற்று. 'மில்லு கட்டினாங்க', 'ஆள் எடுத்தாங்க', 'மில்ல மூடிட்டாங்க' என்பன போன்ற வாக்கியங்களில் எழுவாய் பெயராக வருவதில்லை. வினைமுற்றின் விகுதியில் மட்டும் நிற்கிறது. அவ்விகுதி உயர்திணை விகுதி என்பது கருதத்தக்கது. யார் என்று பெயர் சொல்லாவிட்டாலும் மூடியவர் மனிதர் என்பதை அது விடாமல் சொல்கிறது. இதனையே எழுத்துநடைக்கு மாற்றுவோர் 'ஆலை மூடப்பட்டது' என எழுதுகின்றனர். விகுதி அஃறிணை ஒருமை ஆகிறது. மனிதர் மறைந்து ஆலை மட்டும் எஞ்சுகிறது. நடையைச் செம்மைப்படுத்துவதாக எண்ணிச் செய்யும் இம்மாற்றம் உண்மையில் பொருளையே மாற்றிவிடுகிறது. ஒரு கதவடைப்புக்குப் பொறுப்பானவர் உண்டு என்பது தொழிலாளியின் வாக்கியத்தில் இலக்கணமாகவே பொதிந்துள்ளது. ஆய்வாளரின் வாக்கியத்தில் அது இல்லை.

'நலிந்த ஆலை' என்னும் தொடரையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். நலிவுற்ற ஆலைகளை நாட்டுடைமையாக்கும் நடுவண் அரசின் சட்டம் 1974இல் வந்தது. நோய் என்னும் உருவகம் ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலேயே உள்ளது. தமிழ் அதனை நலிவு என்று ஏற்றுக்கொண்டது. நோய்க்கு நோயாளி உண்டு, குற்றவாளி இல்லை. பெங்களூரின் மினர்வா மில் இச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. அதன் பெயரால் அமைந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் அளித்த தீர்ப்பு, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிய தீர்ப்புகளில் தலையாயது. இன்று மினர்வா மில் என்ற அளவில் படித்தோர் நினைவில் எழுவது அத்தீர்ப்பேயன்றி, அங்கு நூல் நூற்றவர்கள் அல்லர்.

ஆலை, மில், கிரணி

ஆலை என்னும் சொல் பழந்தமிழில் கரும்பு பிழியும் இடத்தைக் குறித்தது. பட்டினப்பாலை அப்பொருளில் அதனை வழங்குகிறது. பஞ்சாலை, நூற்பாலை என்பன போன்ற பிற்காலச் சொற்கள் பெருகியபோது, ஆலை என்பது பொறி கொண்டு பெருமளவில் உற்பத்தி செய்யும் இடம் என்னும் பொதுப்பொருளைப் பெற்றது.

பிற மொழிகளிலும் இத்தகைய பொருள்மாற்றத்தைக் காணலாம். ஆங்கிலத்தின் மில் என்னும் சொல் முதலில் மாவு அரைக்கும் திரிகையைக் குறித்தது. நீர்விசையால் சுழன்ற திரிகையின் பெயரே, அதே நீர்விசையால் இயங்கிய நூற்புக் கூடத்துக்கும் ஆயிற்று. மராத்தியின் கிரணி மாவரைக்கும் இடத்தையும் துணியாலையையும் ஒருங்கே குறிக்கிறது. மும்பையின் ஆலைப் பகுதி கிரண்காவ் எனப்பட்டது. கன்னடத்திலும் கிரணி வழங்குகிறது. ஆக, அரைத்தல், பிழிதல் ஆகிய உணவுத்தொழிலின் சொற்களே நூற்புத்தொழிலின் பெயர்களாக வளர்ந்துள்ளன.

ஆனால் கன்னடத்தில் ஆலெ என்னும் இனச்சொல் பழம்பொருளிலேயே நின்றுவிட்டது. ஆலெமனெ என்பது இன்றும் கரும்பு பிழிந்து வெல்லம் காய்ச்சும் இடம். தமிழ் ஆலையைக் கன்னட ஆலெ எனக் கருதி மொழிபெயர்ப்பவர் நூற்பாலைத் தொழிலாளியை வெல்லக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் இந்நான்கு மொழியாருக்கும் பொதுவாகப் புரியும் சொல் மில் ஒன்றே. ஆலை என்பது தமிழருக்குள்ளும் எழுத்துச்சொல்.

தொழிலாளர் வழக்கில் மில்லு, மில்லுக்காரர், மில் வேலை என்பன மட்டுமே உண்டு. விக்கிரமசிங்கபுர ஆலையை நடத்திய நிறுவனத்தின் பெயர் டின்னவேலி மில் என்றும், மதுரா மில் என்றும், மதுரா கோட்ஸ் என்றும் காலந்தோறும் மாறியது. ஆயினும் ஹார்வி மில் என்னும் பெயர் தென்மாவட்ட நினைவில் அழியாது நிற்கிறது. மதுரையில் ஆலைத் தொழிலாளர்க்கென அமைந்த குடியிருப்பு ஹார்விபட்டி எனப்பெயர் பெற்றது. ஆங்கிலக் குடும்பப் பெயரோடு பட்டி என்னும் தமிழ் ஊர்ப்பெயர் ஈறு இணைந்த இப்பெயரில் ஒரு நூற்றாண்டு உறவு அடங்கியுள்ளது. இதனை 'ஹார்வி தொழிலாளர் குடியிருப்பு' என்று எழுதுவது விளக்கமாகலாம், பெயர் ஆகாது.

கைத்தறி என்னும் பின்னாக்கப் பெயர்

ஆலை வந்தபின் புதிய பொருள்களுக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை. பழைய பொருளுக்கும் புதுப்பெயர் தேவைப்பட்டது. ஆலைத்தறியும் விசைத்தறியும் வருமுன் தறி என்றாலே போதுமானதாக இருந்தது. அவை வந்தபின் அது கைத்தறி ஆயிற்று. புதியது தோன்றியதால் பழையது பெறும் இவ்வகைப் பெயரைப் பின்னாக்கப் பெயர் எனலாம். கைத்தறி என்னும் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் ஆலையின் வருகையும் உடன் சொல்லப்படுகிறது.

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' என்னும் நாவல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1953இல் வெளிவந்த இந்நாவலின் களம் விக்கிரமசிங்கபுரத்துக்கு அண்மையில் உள்ள அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர் வாழ்வு. கமில் சுவலபில் இதனைச் செக் மொழியில் பெயர்த்தார். தலைப்பில் பஞ்சு என்றிருப்பதால் இதனை ஆலைத் தொழிலாளர் நாவல் எனக் கொள்வோர் உண்டு. உண்மையில் இது தறியின் நாவல். ஆலை நூற்ற நூலை நம்பியே கைத்தறி ஓடியது; நூலின் விலையும் துணியின் விற்பனையும் நெசவாளர் கையில் இல்லை. ஆகவே ஆலை அருகிலேயே இருந்தும், தறிக்காரனுக்கு அது நூல் விலையாகவே தோற்றமளித்தது.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் கைத்தறி நெருக்கடி முற்றியபோது, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கென ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநில முதல்வராக இருந்த இராஜாஜி வற்புறுத்தினார். ஒரே ஆற்றங்கரையில் நூற்பவரும் நெய்பவரும் அடுத்தடுத்து வாழ்ந்தும், ஒருவரின் வரலாறு பொருளாதார நூலிலும் மற்றவரின் வரலாறு நாவலிலும் பிரிந்து கிடக்கின்றன. இப்பிரிவை இயல்பெனக் கொள்வது திறனாய்வின் குறையாகும்.

போராட்டத்தின் எழுவாய்

ஹார்வி குழுமத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் முதன்மையான நிகழ்வுகளுள் ஒன்று. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கோரிக்கைகளுள் அடங்கும். மார்ச் முதல் வாரத்தில் வேலைநிறுத்தம் வெற்றியுடன் முடிந்தது. மார்ச் 12 அன்று தலைவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுச்சி வெடித்தது. அண்மையில் ஆ.இரா. வேங்கடாசலபதி இவ்வெழுச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூல் 2024ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கடைத்தெருவிலும் பணிமனையிலும் இருந்து வந்த பெயர் அறியப்படாதவரையும் வரலாற்றின் பாத்திரங்களாகக் கொள்ள வேண்டும் என்னும் உணர்வு இன்று வலுப்பெற்று வருகிறது.

பாடநூல் நடையில் இந்நிகழ்வு பெரும்பாலும் 'வ.உ.சி. வேலைநிறுத்தத்தை நடத்தினார்' என்னும் வாய்பாட்டில் அமைகிறது. நடத்து என்பது நட என்பதன் பிறவினை. தலைவர் இயக்குபவர் ஆகிறார். தொழிலாளர் இயக்கப்படுபவர் ஆகின்றனர். ஆனால் வேலைநிறுத்தம் என்னும் சொல்லே வேறு செய்தியைத் தருகிறது. நிறுத்து என்பதும் பிறவினையே; ஆயின் அங்கு நிறுத்துபவர் தொழிலாளர், நிற்பது வேலை. சொல்லுக்குள் தொழிலாளர் வினைமுதலாகவும், வாக்கியத்துக்குள் செயப்படுபொருளின் பகுதியாகவும் அமையும் முரண் இது. தலைவரின் பெருமைக்குக் குறைவின்றியே 'தொழிலாளர் வேலையை நிறுத்தினர், வ.உ.சி. தலைமை ஏற்றார்' என்று எழுத இயலும். இரு வாக்கியங்களுக்கும் உரிய இரு எழுவாய்களைத் தருவது நடையழகைப் பற்றிய செய்தியன்று. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு சொல்வதைப் பற்றியது.

1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வழியே, சங்கம் என்னும் சொல்லும் புதிய பொருளில் நிலைபெற்றது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் பங்குகொண்டனர். புலவர் அவையைக் குறித்த சொல் பின்னி ஆலைத் தொழிலாளரின் அமைப்பையும் குறிக்கலாயிற்று. புலவர் திரு.வி.க. தொழிலாளர் மேடையில் நின்றது தற்செயலாகலாம். அச்சொல்லின் பொருள் விரிவு தற்செயலன்று. செய்யுள் தந்த சொல்லை வழக்கு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

மொழிபெயர்ப்பின் இடர்கள்

ஆலை வழக்கின் சொற்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, பழந்தமிழ்ச் சொல் புதுப்பொருள் பெற்றவை: கதிர், சங்கு. இரண்டாம் வகை, பிறமொழிச் சொற்கள்: போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த மேஸ்திரி, உருதுவழி வந்த பதிலி, ஆங்கிலவழி வந்த ஷிப்ட், பாபின், கோன், ஸ்பின்னிங். மூன்றாம் வகை, தொழிற்சங்க வாழ்வில் உருவான கூட்டுச்சொற்கள்: பஞ்சப்படி, கதவடைப்பு, வேலைப்பளு.

சங்கு என்பதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் கடற்சங்கைக் குறிக்கும் சொல்லைக் கையாண்டால் படிப்பவர் கோயிலை நினைப்பார். ஆலையின் ஊதுகுழலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இட்டால் பொருள் சரியாகும். ஆனால் பிறப்புக்கும் இறப்புக்கும் ஊதிய சங்கு, வேலைக்கும் ஊதத் தொடங்கிய மாற்றம் மறையும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. தேர்வின் இழப்பை உணர்ந்து தேர வேண்டும் என்பதே இங்குக் கருத்து.

பஞ்சப்படி என்பது இன்னும் ஆழ்ந்த சிக்கலுடையது. விலைவாசி உயர்வுக்கு ஈடாக ஊதியத்தோடு தரப்படும் தொகை அது. அரசு நடை இதனை அகவிலைப்படி என்கிறது. அகவிலை என்பது தானியத்தின் விலையைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். பிழையென எதுவும் இல்லை. ஆயினும் பஞ்சப்படி என்னும் சொல்லில் பஞ்சம் நேரடியாக நிற்கிறது. படி என்பது உதவித்தொகையையும் தானியம் அளக்கும் கருவியையும் குறிப்பதால், அச்சொல் கேட்பவருக்கு அரிசி அளக்கும் காட்சியைத் தருகிறது. பஞ்சப்படிக்காகப் போராடியவர்களின் நினைவுக்குறிப்பைப் பதிப்பிக்கும்போது சொல்லை அகவிலைப்படி என்று திருத்துவோர் நடையை உயர்த்துவதாக எண்ணக்கூடும். அவர்கள் நீக்குவது கோரிக்கையின் காரணத்தை. விலை உயர்ந்ததால் கேட்டார்கள் என்பது ஒன்று. பசித்ததால் கேட்டார்கள் என்பது மற்றொன்று.

பிறநாட்டு ஆலை ஊர்களின் வரலாற்றைத் தமிழில் தருவோரும் இவ்விடர்களைச் சந்திப்பர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பஞ்சாலை ஊர்களைப் பற்றி 1987இல் வந்த 'லைக் எ ஃபேமிலி' என்னும் நூல் தொழிலாளரின் வாய்மொழிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. அப்பகுதித் தொழிலாளர் நிலத்தை விட்டு ஆலையில் கூலிக்கு வேலை செய்வதைப் 'பப்ளிக் ஒர்க்' என்றனர். சொல்லுக்குச் சொல் வைத்து இதனைப் பொதுப்பணி என்று தமிழாக்கினால், தமிழ் வாசகர் அணையையும் சாலையையும் கட்டும் அரசுத் துறையை நினைப்பார். 'வெளிவேலை' என்பதே பொருளுக்கு அண்மையானது. அவ்வாறே ஒரு தொழிலாளி கவனிக்கும் பொறிகளின் எண்ணிக்கையை ஊதியம் உயர்த்தாது கூட்டும் முறையை அவர்கள் 'ஸ்டிரெச் அவுட்' என்றனர். வட கரோலினாவின் காஸ்டோனியாவில் லோரே மில்லில் 1929இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். 'இழுத்து நீட்டல்' என்பது சொல்லின் பொருள். வேலைப்பளு என்பது தமிழ்த் தொழிலாளர் வழக்கு. தமிழ் ஆலைகளில் இதே துன்பத்துக்கு ஏற்கெனவே பெயர் இருக்கும்போது அகராதியில் தேடுவது தேவையற்றது. வழக்கை அறியாத மொழிபெயர்ப்பு, தன் வீட்டிலேயே உள்ள சொல்லை அயலிடத்தில் தேடுகிறது.

வாய்மொழியை முதலாகக் கொள்ளும் இம்முயற்சி இந்தியாவிலும் உண்டு. மீனா மேனனும் நீரா அடார்க்கரும் கிரண்காவ் தொழிலாளரின் நினைவுகளைத் தொகுத்த நூல் 2004இல் வந்தது. பெங்களூர் ஆலைகளையும் கோலார் தங்கவயலையும் இணைத்து ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மைசூர் அரசின் தொழிலாளர் வாழ்வைப் பண்பாட்டோடு சேர்த்து நோக்கியது. விக்கிரமசிங்கபுரத்துக்கும் இத்தகைய பணி தேவை. அதற்கு மொழியியலார் தரக்கூடிய உதவி பெரிது.

பெயரால் மறைத்தல்

வழக்கு எப்போதும் உண்மையைக் காட்டும், எழுத்துநடை எப்போதும் மறைக்கும் என்று பொதுமைப்படுத்துவது தவறாகும். 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயர் இதற்கு எதிர்ச்சான்று. மேற்குத் தமிழகத்து நூற்பாலைகளில் இளம்பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் விடுதியில் தங்கவைத்து, ஏறத்தாழ மூன்றாண்டு முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலைக்குச் சேர்த்த முறை இப்பெயரால் பரவலாக அறியப்பட்டது. திருமணத்தின் மங்கலச் சொல் ஊர்தோறும் எளிதில் பரவியது. தொழிலாளி என்ற சொல்லும் கூலி என்ற சொல்லும் அதில் இல்லை. தொழிலாளி என்னும் பெயரோடு வரும் உரிமைகள் பயிற்சியாளர் என்னும் பெயரோடு வருவதில்லை. ஒரு சொல் மக்கள் வாயில் வழங்குவதாலேயே மக்களின் சொல் ஆகிவிடாது. யார் அதனை வழக்கில் விட்டார் என்பதும் ஆராயத்தக்கது.

ஆகவே வழக்கைப் பதிவு செய்வதோடு திறனாய்வாளர் பணி முடிவதில்லை. பஞ்சப்படி தொழிலாளர் தரப்பிலிருந்து எழுந்து கோரிக்கையின் காரணத்தைச் சொல்கிறது. சுமங்கலித் திட்டம் ஆள் சேர்ப்போர் தரப்பிலிருந்து எழுந்து வேலையின் இயல்பை மறைக்கிறது. இரண்டும் வழக்கே. இரண்டையும் வேறுபடுத்தி அறிய, சொல்லின் பொருளோடு சொன்னவரின் நிலையையும் காண வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, ஆலை ஊரின் பழஞ்சொற்களை இன்றைய அரசுநடைக்கு மாற்றிப் பதிப்பித்தல் ஆகாது. பஞ்சப்படி பஞ்சப்படியாகவே நிற்க வேண்டும். விளக்கம் தேவையாயின் முதல்முறை அச்சொல் வரும் இடத்திலேயே ஒரு தொடரில் தரலாம். இரண்டாவது, எழுவாய் தோன்றாத பலர்பால் வினைமுற்றைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பழக்கம் கைவிடத்தக்கது. அவ்விகுதி தாங்கும் உயர்திணைப் பொருளைக் காக்க 'ஆலையை மூடினர்' என்றே எழுதலாம். ஆங்கிலத்திலும் அதற்கு ஒத்த எழுவாய் உண்டு. மூன்றாவது, ஊரின் மூன்று பெயர்களும், ஆலையும் மில்லும், அவை வரும் இடமறிந்து வேறுபடுத்திக் கையாளப்பட வேண்டும். ஒன்றாக்குதல் எளிமையாகலாம், துல்லியமாகாது.

சென்னைப் பின்னி ஆலை 1996இல் தன் இயக்கத்தை முடித்தது. பெங்களூர் மல்லேசுவரத்தில் ராஜா மில் நின்ற நிலத்தில் இன்று மந்திரி வணிக வளாகம் நிற்கிறது. கட்டடங்கள் போனபின் ஆலை வாழ்வின் சான்றாக எஞ்சுவன அதில் உழைத்தவரின் சொற்களே. அச்சொற்களைப் பேசியவர் தலைமுறை முதுமை எய்திவிட்டது. வழக்கும் செய்யுளும் என இரண்டையும் முதலாகக் கொண்ட பாயிரத்துக்கு உரைகண்ட முனிவரின் ஊரில், ரீலிங் பகுதியில் நின்றவரும் சங்கு கேட்டு எழுந்தவரும் பேசிய தமிழ் இலக்கண ஆய்வுக்கும் வரலாற்றுக்கும் உரிய மூலம் என ஏற்கப்பட வேண்டும். அதனைத் தொகுக்கும் பணியை மொழியியல் துறைகள் தள்ளிப்போடுதல் இனியும் தகாது.